சம்மட்டி வீரரின் இடக்கை

ஒலிம்பிக் விளையாட்டுகளில் சம்மட்டி எறிதல் என்றொரு போட்டி உண்டு. பெயரைக் கேட்டதும் கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முற்காலத்தில் மரப்பிடி போட்ட சம்மட்டியையே வீசிப் பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் இன்று பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வீரரின் கையில் இப்போது இருப்பது ஓர் உலோகக் குண்டு, அதில் பிணைத்த எஃகுக் கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு கைப்பிடி. மூன்றும் சேர்ந்து ஆண்களுக்கு 7.26 கிலோகிராம். மொத்த நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர். இதை இரு கைகளாலும் பற்றி, 2.135 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் தாமும் சுழன்று, குண்டையும் சுழற்றி விட்டுவிட வேண்டும். விடும்போதும் விட்ட பிறகும் வட்டத்துக்கு வெளியே காலை வைத்துவிடக் கூடாது.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இப்போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர் ஹரால்ட் கானலி என்னும் அமெரிக்கர். அவருடைய இடக்கை வலக்கையைவிட நாலரை அங்குலம், அதாவது 11 சென்டிமீட்டருக்கு மேல், குட்டை. இடது உள்ளங்கையும் வலது உள்ளங்கையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருந்தது. இரண்டு கைகளாலும் எறிய வேண்டிய ஒரு போட்டியில், ஒரு கை ஊனமான ஒருவர் உலகிலேயே முதல்வராக வந்தது எப்படி?

அக்காலப் பத்திரிகைகள் இதற்கு எளிதாக ஒரு விடை சொல்லிவிட்டன: மன உறுதி! மன உறுதி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவருக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம் என்பது என் எண்ணம். மன உறுதி மட்டும் போதுமானால் அவர் குண்டு எறிதலிலேயே வென்றிருப்பார். உண்மையான விடையில் ஒரு பகுதி, உங்கள் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் பாடநூலில், வட்ட இயக்கம் என்னும் அதிகாரத்தில் இருக்கிறது.

முதலில் அந்தக் கையின் கதை. கானலி 1931ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை ஒட்டிய சாமர்வில் என்னும் ஊரில் பிறந்தார். மிகப் பெரிய குழந்தை, கடினமான பிரசவம். கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் தோளருகே ஒரு பின்னலாகச் சேர்ந்து, பிறகு கிளை பிரிகின்றன. பிறக்கும்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டு இழுபட்டால் இந்தப் பின்னல் நைந்துவிடும். கானலிக்கு நேர்ந்தது இதுவே. நரம்பு தளர்ந்தால் தசை தளரும். தசை சரியாக இழுக்காத எலும்பு முழு வளர்ச்சி பெறாது, வலுவும் பெறாது. அதனால் இளமையில் அந்தக் கை விழுந்தபோதெல்லாம் முறிந்தது. மொத்தம் 13 முறை முறிந்ததாக அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் காணப்படுகிறது.

பையன் சும்மா இருக்கவில்லை. கையை வலுப்படுத்த எடை தூக்கினான், விளையாட்டுகளில் சேர்ந்தான். பாஸ்டன் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் குண்டு எறியும் வீரர். வலக்கை நன்றாக இருந்தது. குண்டு எறிதலுக்கு ஒரு கையே போதும். யாரிடம் யோசனை கேட்டாலும் "உனக்கு ஏற்றது இதுதான்" என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் குண்டு எறிதலில் அவர் சிறந்து விளங்கவில்லை. அந்தக் கல்லூரியில் சம்மட்டி எறிபவர்களும் பயிற்சி செய்துவந்தார்கள். தொலைவில் விழும் சம்மட்டிகளை எடுத்து அவர்களிடம் திருப்பி வீசி உதவி செய்துகொண்டிருந்தார் கானலி. அப்படித் திருப்பி வீசியவை, அவர்கள் எறிந்த தொலைவையும் தாண்டிப் போய் விழத் தொடங்கின! 1952ஆம் ஆண்டு வாக்கில் அவர் சம்மட்டிக்கு மாறினார்.

ஒரு கை போதும் என்ற விளையாட்டை விட்டுவிட்டு, இரு கையும் வேண்டும் என்ற விளையாட்டுக்கு ஊனக் கையோடு ஒருவர் வருகிறார். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். இங்குதான் நாம் இயற்பியலின் துணையை நாட வேண்டும்.

தினைப்புனத்திலும் சோளக் கொல்லையிலும் பரண்மேல் நின்று கவண் சுழற்றிப் பறவை ஓட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். குறைந்தது கேள்விப்பட்டாவது இருப்பீர்கள். கவணின் கயிறு கல்லை வெளியே தள்ளுகிறதா? இல்லை. கயிற்றால் தள்ளவே முடியாது. இழுக்க மட்டுமே முடியும். கல் ஒவ்வொரு கணமும் நேர்கோட்டில் போய்விடவே பார்க்கிறது. கயிறு அதை உள்நோக்கி இழுத்து இழுத்து வட்டப் பாதையில் வளைத்துக்கொண்டிருக்கிறது. இந்த உள்நோக்கிய இழுப்பே மையநோக்கு விசை. கயிற்றின் ஒரு முனையை விட்டதும் இழுப்பு நீங்குகிறது. கல் அந்தக் கணத்தில் எத்திசையில் போய்க்கொண்டிருந்ததோ அத்திசையில், வட்டத்தின் தொடுகோட்டில், பறந்துவிடுகிறது. (வகுப்பில் இதைக் கேட்டால் பாதி மாணவர்கள் கல் ஆரத்தின் வழியே நேரே வெளியே பாயும் என்று அடித்துச் சொல்வார்கள். மழை நாளில் மிதிவண்டிச் சக்கரத்திலிருந்து சேறு எந்தத் திசையில் தெறிக்கிறது என்று ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும்.)

சம்மட்டியும் ஒரு கவணே. அதில் எஃகுக் கம்பி கயிறு. கம்பிக்கு அடுத்து வருகிற கயிறு எது? வீரரின் கைகள்! முழங்கை மடங்காமல், விறைப்பாக நீட்டிய இரு கைகளும் கம்பியின் தொடர்ச்சியாகவே வேலை செய்கின்றன. குண்டு எறிபவரின் கை ஒரு விற்சுருள் போல மடங்கி விரிந்து தள்ள வேண்டும். அதற்குத் தோளிலும் புயத்திலும் உள்ள தசைகள் மிக விரைவாகச் சுருங்க வேண்டும். சம்மட்டி எறிபவரின் கையோ தள்ள வேண்டியதில்லை. மடங்கி நீள வேண்டியதில்லை. இழுபட்டுக்கொண்டு, அறுந்துபோகாமல் இருந்தால் போதும். நரம்பு நைந்த ஒரு கையால் முதல் வேலையைச் செய்யவே முடியாது. இரண்டாவது வேலையைப் பழக்கினால் செய்துவிடலாம்.

அறுந்துபோகாமல் இருந்தால் போதும் என்று எழுதுவது எளிது. அது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

கானலி 1956 நவம்பர் 2ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 68.54 மீட்டர் எறிந்தார். அது அவரது முதல் உலகச் சாதனை. அவ்வளவு தொலைவு போக, குண்டு கையை விடும்போது வினாடிக்குச் சுமார் 26 மீட்டர் வேகத்தில் இருந்திருக்க வேண்டும். இது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். குண்டு சுழன்ற வட்டத்தின் ஆரத்தை, கம்பியையும் கைகளையும் சேர்த்து, 1.7 மீட்டர் என வைத்துக்கொள்வோம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு விசை கிடைக்கும். 7.26 முறை 676 வகுத்தல் 1.7. விடை சுமார் 2,890 நியூட்டன். அதாவது 290 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையின் இழுப்பு. நூறு கிலோ மூட்டைகள் மூன்றைக் கயிற்றில் கட்டி உங்கள் விரல்களில் தொங்கவிட்டதற்கு ஏறக்குறையச் சமம்.

இந்த இழுப்பு முழுவதும் விரல்களின் வழியாகத்தான் தோளுக்கு வர வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் கைப்பிடியை முதலில் இடக்கையால் பற்றி, அதன்மேல் வலக்கையைக் கோத்துக்கொள்வார்கள். கையுறையும் இடக்கைக்கே. ஆக, கைப்பிடி நேராக அழுத்துவது இடக்கையின் விரல்களைத்தான். கானலியின் விஷயத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்த ஒரு கையின் விரல்கள்!

இதோடு முடியவில்லை. கயிறு குட்டையானால் நட்டம் ஒன்று உண்டு. ஒரே கோணத் திசைவேகத்தில் சுழலும் இருவரில், யாருடைய ஆரம் நீளமோ அவருடைய குண்டே வேகமாகப் போகும். இடக்கை குட்டையாக இருந்தால் கைப்பிடி உடலுக்கு அருகே வந்துவிடுகிறது. நீளமான வலக்கையால் அந்த நீளத்தை முழுவதும் பயன்படுத்த இயலாது. தோளை முன்னே நீட்டிக் கொடுத்து இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம். எதையும் மீட்கவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். 1.7 மீட்டர் ஆரம் 1.59 மீட்டராகிறது. வேகம் அதே விகிதத்தில் குறைகிறது. பறக்கும் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 68 மீட்டருக்கு மேல் போக வேண்டிய குண்டு 60 மீட்டரிலேயே விழுந்துவிடும். எட்டு மீட்டர் நட்டம்! இதை ஈடுகட்ட மற்றவர்களைவிட வேகமாகச் சுழல வேண்டும்; வேகமாகச் சுழன்றால் குட்டை ஆரத்தில் இழுப்பு இன்னும் கூடும். இயற்பியல் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் வரியையும் வசூலித்துக்கொண்டது.

அப்படியானால் சுழலும் வேகம் எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து அன்று. தரையிலிருந்து. வீரர் தரையைக் காலால் முறுக்கித் தள்ளுகிறார். தரை அவரைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த முறுக்கு விசை இடுப்பு, முதுகு வழியாகக் கம்பிக்கு ஏறுகிறது. இரண்டு பாதங்களும் தரையில் இருக்கும்போதுதான் நன்றாக முறுக்க முடியும். ஒரு காலில் நிற்கும்போது சுழற்சி தொடரும். ஆனால் புதிதாக வேகம் ஏற்றுவது கடினம். இரு காலும் தரையை விட்டுவிட்டால் சுத்தமாக ஒன்றும் செய்ய முடியாது. முற்கால வீரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல் துள்ளினார்கள். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பாட் ரயன் 1913ஆம் ஆண்டு எறிந்த 57.77 மீட்டர், இருபத்தைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது.

அதை அசைத்தவர்கள் ஜெர்மானியர். 1930களில் செப் கிறிஸ்ட்மன் என்னும் பயிற்சியாளர் புதிய ஒரு சுழற்சியை வகுத்தார். இடது பாதம் தரையை விடவே விடாது. முதலில் குதிகாலில் திரும்பி, பின்னர் முன்பாதத்துக்கு உருண்டு வந்து சுற்றை முடிக்கும். வலது பாதம் மட்டும் எடுத்து, கூடிய விரைவில் திரும்பத் தரையில் ஊன்றப்படும். இம்முறையைக் கையாண்ட கார்ல் ஹைன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வென்றார். எர்வின் பிளாஸ்க் 1938இல் 59 மீட்டர் எறிந்து ரயனின் சாதனையை வீழ்த்தினார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹங்கேரியின் யோசெப் செர்மாக் முதன்முதலாக 60 மீட்டரைக் கடந்தார். அமெரிக்காவோ, தொடக்கத்தில் ஒலிம்பிக் சம்மட்டித் தங்கங்களையெல்லாம் வாரிக்கொண்டிருந்த நாடு, 1924க்குப் பிறகு ஒன்றையும் பெறவில்லை.

கானலி செய்த புத்திசாலித்தனமான காரியம் இங்கேதான் இருக்கிறது. சொந்த நாட்டில் கற்றது போதாது என்று உணர்ந்து, ஜெர்மனிக்கே போய்க் கிறிஸ்ட்மனிடம் அந்த முறையைக் கற்றார். தன் கையால் முடியாததைக் காலால் செய்ய வேண்டும் என்பதை அவரைவிடத் தெளிவாக அறிந்திருந்தவர் யார்? மெல்போர்னில் அவர் காலில் அணிந்திருந்தவை பாலே நடனக்காரர்கள் அணியும் மெல்லிய காலணிகள். இதைக் கண்டு சிரித்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாதம் தரையைத் தள்ளும்போது உராய்வு நிறைய வேண்டும். குதிகாலில் திரும்பும்போது உராய்வு குறைவாக வேண்டும். ஒரே காலணியிடம் முரண்பட்ட இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். நுனிக்காலில் சுழலுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தச் சிக்கலுக்கு முன்பே ஒரு விடை கண்டு வைத்திருந்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டார்.

1956 மெல்போர்ன் போட்டிக்கு வருவோம். அது சாதாரண ஆண்டன்று. ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத் படைகள் அப்போதுதான் அடக்கியிருந்தன. அமெரிக்கரும் சோவியத் வீரரும் நேருக்கு நேர் நிற்கும் எந்தப் போட்டியையும் உலகம் வேறு கண்ணோடு பார்த்த காலம். சம்மட்டியில் அந்தச் சோவியத் வீரர் மிகாயில் கிரிவோனோசாவ். 1954 முதல் உலகச் சாதனையைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதியவர். அக்டோபர் 22ஆம் நாள் தாஷ்கண்டில் 67.32 மீட்டர் எறிந்தார். அது பதினொரு நாள்தான் நீடித்தது. நவம்பர் 2இல் கானலி அதைத் தாண்டினார் என்று முன்பே சொன்னேன். நவம்பர் 24ஆம் நாள் இருவரும் ஒரே வட்டத்தில் மாறி மாறி நின்றார்கள்.

இருவரில் ஒருவராலும் தம் சாதனையை நெருங்க முடியவில்லை. கிரிவோனோசாவ் 63.03 மீட்டர் எறிந்து முன்னணியில் இருந்தார். ஆறு வாய்ப்புகளில் நான்கு முடிந்தும் கானலியால் அதைத் தாண்ட இயலவில்லை. ஐந்தாம் வாய்ப்பில் சம்மட்டி 63.19 மீட்டரில் விழுந்தது. கிரிவோனோசாவால் பதில் கொடுக்க முடியவில்லை. இன்னொரு சோவியத் வீரரான சமோத்ஸ்வேத்தவ் 62.56 மீட்டருடன் மூன்றாமவர்.

பதினாறு சென்டிமீட்டர்! ஒரு சாண் அளவுகூட இல்லை. வேகத்தில் இது எவ்வளவு வேறுபாடு தெரியுமா? தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததால், தொலைவில் ஆயிரத்துக்கு இரண்டரைப் பங்கு கூட, வேகத்தில் அதில் பாதி கூடினால் போதும். வினாடிக்கு இருபத்து நாலரை மீட்டரில் வெறும் மூன்று சென்டிமீட்டர். எறும்பு ஊரும் வேகம். 63 மீட்டர் பறந்த இரண்டு குண்டுகளுக்கு இடையே இருந்த வேறுபாடு அவ்வளவே. கடைசிச் சுற்று அரை வினாடிக்கும் குறைவாகவே நீடிக்கிறது. விடும் கணத்தில் நூற்றில் ஒரு பங்கு வினாடி பிந்தினாலும் சம்மட்டி எட்டு ஒன்பது பாகை விலகிப் பக்கவாட்டில் பல மீட்டர் தள்ளிப் போய்விடும். இந்த விளையாட்டில் முரட்டு வலிமைக்கு எவ்வளவு இடம், நுட்பத்துக்கு எவ்வளவு இடம் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மெல்போர்னில் கானலிக்கு இன்னொன்றும் வாய்த்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஓல்கா பிகோதோவா, பிராக் நகரத்து மருத்துவ மாணவி, பெண்கள் வட்டு எறிதலில் 53.69 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார்; அந்த ஆண்டில் அவர் நாடு பெற்ற ஒரே தங்கம் அது. இருவரும் ஒலிம்பிக் கிராமத்தில் பழகிக் காதல் கொண்டார்கள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் கம்யூனிஸ்டு நாட்டவர். அக்காலத்தில் இது இரு அரசுகளின் விவகாரமாகிவிட்டது. செக்கோஸ்லோவாகியாவின் தலைவர் அந்தோனின் ஜாப்போதோட்ஸ்கி வரை முறையிட்ட பிறகே அனுமதி கிடைத்தது. 1957 மார்ச் 27ஆம் நாள் பிராகில் திருமணம். மாப்பிள்ளைத் தோழர் யார் என்கிறீர்கள்? ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜாடோபெக்! மணமக்களைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் தெருவில் கூடிவிட்டார்கள். ஓல்கா பின்னர் அமெரிக்காவின் சார்பில் நான்கு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டு, 1972இல் மியூனிக்கில் அந்நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார். இந்த மணவாழ்வு 1970களில் முறிந்தது. அது நம் கட்டுரைக்குப் புறம்பானது.

கானலியின் உலகச் சாதனைகளைப் பார்ப்போம். 1956இல் பெற்ற இடத்தை 1965 செப்டம்பர் வரை அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1958இல் 68.68. 1960 ஆகஸ்டு 12இல் 70.33; எழுபது மீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவரே. 1962இல் அமெரிக்கா, சோவியத் யூனியன் இரண்டும் மோதிய பாலோ ஆல்ட்டோ போட்டியில் 70.67. 1965இல் இரண்டு முறை, 71.06, 71.26. அதன்பின் ஹங்கேரியின் கியூலா ஷிவோட்ஸ்கி 73.74 எறிந்து ஒரே தாவலில் இரண்டரை மீட்டர் மேலே போய்விட்டார்.

ஆனால் ஒலிம்பிக் வேறு கதை. எழுபது மீட்டரைக் கடந்த அதே 1960இல், மூன்றே வாரம் கழித்து, ரோமில் அவர் எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 1964இல் டோக்கியோவில் ஆறாம் இடம். 1968இல் மெக்சிகோவில் இறுதிப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. எறும்பின் வேகம் வித்தியாசம் செய்கிற ஒரு கலையில் இது வியப்பன்று.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. அதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்குச் செய்யும் வஞ்சனை. 1973ஆம் ஆண்டு அமெரிக்க மேல்சபையின் ஒரு துணைக்குழு விளையாட்டு வீரர்களிடையே மருந்துப் பழக்கம் பற்றி விசாரித்தது. கானலி அதன்முன் வந்து, 1972க்கு முந்தைய எட்டு ஆண்டுகள் தாம் மருந்துக்கு அடிமைப்பட்ட விளையாட்டு வீரராக இருந்ததாகச் சாட்சி சொன்னார். தசையைப் பெருக்கும் அனபாலிக் ஸ்டீராய்டு மருந்துகளையே அவர் குறிப்பிட்டார். இவை ஆண் இயக்குநீரைப் போலச் செயல்பட்டுத் தசைகளில் புரதம் சேர்வதை விரைவுபடுத்துகின்றன. கல்லீரலுக்கும் இதயத்துக்கும் கேடு விளைவிக்கின்றன. ஒலிம்பிக்கில் இவற்றுக்கான சோதனை முதன்முதலாக நடந்தது 1976இல்தான். ஆகையால் யாரும் அவரைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. அவராகவே போய்ச் சொன்னார். எறியும் விளையாட்டுகளில் அன்று இது பரவலாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அவர் சொன்ன கணக்கை ஏற்றால் மெல்போர்ன் தங்கமும், 1960, 1962ஆம் ஆண்டுச் சாதனைகளும் மருந்துக்கு முந்தியவை. 1965ஆம் ஆண்டின் இரண்டும் அப்படியல்ல. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து இல்லாத 70.67க்கும் மருந்தோடு எறிந்த 71.26க்கும் இடையே வித்தியாசம் அறுபது சென்டிமீட்டருக்கும் குறைவு. குதிகாலும் முன்பாதமும் மாறி மாறித் திரும்பும் அந்தச் சுழற்சியைக் கற்றதால் அவருக்குக் கிடைத்த மீட்டர்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வயது ஏறிக்கொண்டிருந்ததால் மருந்து சரிவை மறைத்தது என்று வாதிடுவோரும் இருப்பார்கள். அந்த வாதத்தை என்னால் தள்ளிவிட முடியாது. ஆனால் நூறு முறை புகழப்பட்ட ஒருவர், யாரும் கேட்காதபோது, தம் சாதனைப் பட்டியலில் தாமே ஒரு கோடு போட்டுக் காட்டினார் என்பதை எந்தக் கணக்கிலாவது சேர்க்கத்தான் வேண்டும்.

தொழிலால் அவர் ஆசிரியர். கலிபோர்னியாவின் சாண்டா மானிகா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். பிற்காலத்தில், மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்காக நடத்தப்படும் சிறப்பு ஒலிம்பிக் அமைப்பில் பல ஆண்டுகள் பணியாற்றினார். முதுமையில் இன்னொரு வேலையையும் மேற்கொண்டார். அமெரிக்கப் பள்ளிகளில் சம்மட்டி எறிதல் கிட்டத்தட்ட இல்லை. ரோட் ஐலண்டு என்னும் சிறிய மாநிலத்தில் மட்டுமே அது பள்ளிப் போட்டியாக நிலைத்தது. ஆபத்து, இடவசதி இல்லை, வலைக்கூண்டுக்குச் செலவு என்று மற்ற இடங்களில் காரணங்கள் சொல்வார்கள். பதின்ம வயதிலேயே காலின் சுழற்சி பழகாவிட்டால் பிறகு பழகாது என்பதை நன்கறிந்த கானலி, இளைஞர்களுக்குச் சம்மட்டி கற்பிக்க ஊர் ஊராக முயன்றார். பலன் எளிதில் வரவில்லை. 1956இல் அவர் வென்ற தங்கத்துக்குப் பிறகு, 2024 பாரிஸ் வரை, ஆண்கள் சம்மட்டியில் அமெரிக்காவுக்கு ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. அவருடைய இரண்டாம் மனைவி பாட், அவரும் ஓர் ஒலிம்பிக் வீராங்கனை. அவர்களுடைய மகன் ஆடம் சம்மட்டி எறிபவராக வளர்ந்தார். அவருக்கு இரு கைகளும் ஒரே நீளம்.

2010 ஆகஸ்டு 18ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தில் பிரெடரிக் நகரத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில், நிலை மிதிவண்டியை மிதித்துக்கொண்டிருந்தபோது கானலி சரிந்து விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 79.